கடைசிக் கால்மணியில் கைநழுவும் ஆட்டம்

"ஒரு கோல்தானே, விடுங்கள்" என்று இனி யாரும் என்னிடம் ஆறுதல் சொல்ல வேண்டாம். இந்திய ஆண்கள் ஹாக்கி அணி நெதர்லாந்திடம் தோற்றது 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் 2-3, மறுநாளும் 2-3. ஜூன் 7-ஆம் தேதி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் ஆறு தோல்விகள், ஆறும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். நேற்று, 2025 ஜூன் 21, சனிக்கிழமை, ஆண்ட்வெர்ப் நகரில் பெல்ஜியம் அந்த ஒரு கோல் ஆறுதலையும் பறித்துக்கொண்டது: 3-6. பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று இன்னும் ஓராண்டுகூட ஆகாத இந்த அணி, 2025-இன் புரோ லீக் தொடரின் ஐரோப்பியப் பயணத்தில் தொடர்ச்சியாக ஏழு முறை தோற்றிருக்கிறது.

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் இந்த ஆட்டங்களுக்கு வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம் சேர்ந்தது. மீன்பிடித் தடைக்காலம்தான் அதற்குக் காரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுக்கு வண்ணம் அடிப்பதும் வலையைப் பழுது பார்ப்பதும் பகலோடு முடிந்துவிடும். பொழுது சாய்ந்தபின் கையில் நேரம் இருக்கும். கைப்பந்தும் கபடியும் கிரிக்கெட்டும் ஆளும் கடற்கரை இது. ஆனாலும் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் இந்த ஜூன் மாதத்தில், டீக்கடை மறைவில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, எங்களோடு சேர்ந்து பலர் முதன்முறையாக ஹாக்கி பார்த்தார்கள். முதல் தோல்வி பக்ரீத் நாளில் வந்தது. ஐந்தாவது தோல்வி, தடைக்காலம் முடிகிற 14-ஆம் தேதி வந்தது.

ஓர் ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் நேரான கேள்வி கேட்க வரும். "நன்றாகத்தானே ஆடுகிறார்கள் அண்ணே, கடைசியில் மட்டும் என்ன ஆகிறது?" என்று வலை வேலையை முடித்துவிட்டு வந்த ஒரு தம்பி கேட்டார். பள்ளி நாட்களில் கட்டாந்தரையில் மட்டை பிடித்து, அன்றிலிருந்து இந்த அணியைப் பின்தொடர்ந்து வரும் என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. விரிவாகச் சொல்ல வேண்டிய பதில் அது.

முதலில் ஒரு கணக்கு. பாரிஸில் இந்தியா எட்டு ஆட்டங்கள் ஆடியது. போட்ட கோல்கள் 15, வாங்கிய கோல்கள் 12. இந்த ஐரோப்பியப் பயணத்தில் இதுவரை ஏழு ஆட்டங்கள். போட்டவை 14, வாங்கியவை 23. வெண்கலம் வென்ற அணி ஓர் ஆட்டத்துக்கு இரண்டு கோலுக்குச் சற்றுக் குறைவாகவே போட்டது. இப்போதைய அணி சரியாக இரண்டு போடுகிறது. கோல் வாங்குவதில்தான் எல்லாம் மாறிவிட்டது. அன்று ஆட்டத்துக்கு ஒன்றரை, இன்று மூன்றுக்கும் மேல். பெல்ஜியத்தின் ஆறு கோல்கள்தான் சராசரியைக் கெடுத்துவிட்டன என்பவர்கள் அந்த ஆட்டத்தை நீக்கிவிட்டே பார்க்கட்டும். முதல் ஆறு ஆட்டங்களில் 17 கோல்கள். அப்போதும் ஆட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று.

ஆகவே, முன்வரிசையைத் திட்டித் தீர்க்கிற என் நண்பர்கள் மைதானத்தின் தவறான முனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அபிஷேக் ஆஸ்திரேலியாவுடனான முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டு 2-0 என்று கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குமேல் ஒரு முன்கள வீரர் என்ன செய்ய முடியும்? அந்த ஆட்டத்தைத்தான் 2-3 என்று தோற்றோம். நெதர்லாந்துடனான இரண்டு ஆட்டங்களிலும் வெற்றி கோல் கடைசி ஐந்து நிமிடங்களுக்குள் விழுந்தது. இரண்டிலும் இந்தியாதான் முதலில் கோல் போட்டது என்பது இன்னும் வலிக்கிறது.

இது புதிய நோய் என்றால் இவ்வளவு கோபம் வராது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலையில் 1-0 என்று முன்னிலை வகித்த அணி, ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் கோலை வாங்கி வெளியேறியது. அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் நம் வாசுதேவன் பாஸ்கரன், 1980 மாஸ்கோவில் கடைசித் தங்கத்தை வென்ற அணியின் கேப்டன். ஓய்வறையில் அவருக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நான் பல முறை நினைத்திருக்கிறேன். 2018 ஆசிய விளையாட்டு அரையிறுதியில் மலேசியா கடைசி நேரத்தில் 2-2 என்று சமன் செய்து, ஷூட் அவுட்டில் வென்றது. 2023 உலகக் கோப்பையில், புவனேஸ்வரில், சொந்த மக்கள் முன்னால், நியூசிலாந்துக்கு எதிராக 3-1 முன்னிலையை 3-3 ஆக்கவிட்டு, ஷூட் அவுட்டில் தோற்றோம். பாரிஸ் அரையிறுதியில் முதல் கோல் நம்முடையது. 54-ஆவது நிமிடத்தில் ஜெர்மனி வெற்றி கோலைப் போட்டது. கால் நூற்றாண்டாக வீரர்கள் மாறுகிறார்கள், பயிற்சியாளர்கள் மாறுகிறார்கள், கடைசி நிமிடங்கள் மட்டும் மாறவில்லை.

அந்தக் கடைசி நிமிடங்களில் என்னதான் நடக்கிறது? இன்றைய ஹாக்கி 60 நிமிட ஆட்டம், 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் யாரும் முழு ஆட்டமும் ஓடுவதில்லை. சில நிமிடங்கள் முழு வேகத்தில் ஓடி, வெளியே வந்து, மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே போகிறார்கள். ஆகவே நான்காம் பகுதியில் முடிவைத் தீர்மானிப்பது பதினொரு பேரின் உடல் வலு மட்டும் அன்று. அந்த நேரத்தில் எந்தப் பதினொரு பேர் உள்ளே இருக்கிறார்கள், அவர்களுக்குப் பந்தை வைத்துக்கொள்ளத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

முன்னிலையிலோ சமநிலையிலோ இருக்கும் நல்ல அணி, கடைசி எட்டுப் பத்து நிமிடங்களில் பந்தைத் தன் மட்டையிலேயே வைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் கொடுத்து, பின்னால் வாங்கி, எதிரணியின் மூலைக்குக் கொண்டுபோய் அங்கேயே நேரத்தைக் கழிக்கும். நெதர்லாந்து இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும். இந்தியா அந்த நேரத்தில் பின்வாங்குகிறது. எல்லோரும் தங்கள் 23 மீட்டர் கோட்டுக்குள் குவிகிறார்கள். கிடைத்த பந்தைப் பதற்றத்தில் உயரத் தூக்கி முன்னால் அனுப்புகிறார்கள். அங்கே அதை வாங்க ஒருவர்தான் இருக்கிறார், அவரைச் சுற்றி மூன்று எதிரணி வீரர்கள். பந்து போன வேகத்தில் திரும்பி வருகிறது. இப்படி நான்கு முறை திரும்பி வந்தால், ஒரு முறையாவது 'டி' எனப்படும் கோல் முன் வட்டத்துக்குள் நம்மில் யாருடைய காலிலாவது பட்டுவிடும். காலில் பட்டால் பெனால்டி கார்னர்.

கரைவலை இழுக்கும் எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னதும் புரிந்துவிட்டது. மணிக்கணக்கில் இழுத்த வலையின் மடி கரையை நெருங்கும்போதுதான் இரண்டு பக்கக் கயிறும் ஒரே வேகத்தில் வர வேண்டும்; ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் அந்தப் பக்கமாகத் தப்பிவிடும். நம் அணியில் தளர்கிற பக்கம் நடுக்களம். ஹர்திக் சிங் உள்ளே இருக்கும் நிமிடங்களையும் அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நிமிடங்களையும் தனித்தனியாகக் கவனித்துப் பாருங்கள். அவர் இருக்கும்போது பந்து தரையில் ஓடுகிறது. இல்லாதபோது ஆகாயத்தில் பறக்கிறது.

பெனால்டி கார்னரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தோல்விகளின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் பந்தை வைத்து எதிரணி உள்ளே தள்ளும். பந்து வட்டத்துக்கு வெளியே போய்த் திரும்பிய பிறகே கோலை நோக்கி அடிக்கலாம். தடுக்கிற அணிக்குக் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க முடியும். மற்றவர்கள் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்ட நொடியில் ஒருவர் அடிப்பவரை நோக்கி நேராகப் பாய்கிறார். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய டிராக் ஃபிளிக் என்ற இழுத்து வீசும் அடியின் பாதையில் தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை அது. இந்தியாவுக்காக அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவர் அமித் ரோஹிதாஸ். உலகில் மிகச் சிலரே அவரைப்போல் அதைச் செய்வார்கள்.

ஆனால் முதலில் பாய்பவர் தனியாக எதையும் தடுப்பதில்லை. அவர் ஒரு பக்கத்தை மறைத்தால் மறுபக்கம் கோல்கீப்பருடையது. எந்தப் பக்கம் யாருக்கு என்பது இருவருக்கும் இடையே பேசி வைத்த ஒப்பந்தம்; ஆயிரம் முறை பழகி உடம்பில் ஏறிய ஒப்பந்தம். கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ் இருந்தவரை அந்த ஒப்பந்தம் ஒருவரோடுதான். 2024 ஆகஸ்டில் பாரிஸ் வெண்கலத்தோடு அவர் ஓய்வு பெற்றார். அவருடைய 16-ஆம் எண் சட்டையை இனி மூத்தோர் அணியில் யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. இப்போது கிரிஷன் பாதக்கும் சூரஜ் கர்கேராவும் மாறி மாறி நிற்கிறார்கள். இருவரும் திறமையானவர்கள், இருவர்மீதும் எனக்குக் குறையில்லை. ஆனால் தடுப்பாட்டக்காரர்கள் ஒவ்வொரு முறையும் பின்னால் நிற்கும் ஆள் யார் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டிய நிலை எந்த அணிக்கும் நல்லதில்லை. நெதர்லாந்தில் யிப் யான்சென், ஆஸ்திரேலியாவில் பிளேக் கோவர்ஸ், அர்ஜென்டினாவில் தோமாஸ் டொமேனே, பெல்ஜியத்தில் அலெக்சாண்டர் ஹென்றிக்ஸ் என்று ஒவ்வோர் அணியும் கார்னருக்கென்றே ஒருவரை வளர்த்து வைத்திருக்கிறது. அவர்களுக்கு அரை நொடித் தயக்கமே போதும்.

ஸ்ரீஜேஷின் கைகளைவிட அவருடைய குரல்தான் போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று 17-ஆவது நிமிடத்திலேயே வெளியேறினார். மீதி நாற்பது நிமிடங்களுக்கும் மேல் பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். அன்று தொலைக்காட்சியில் வர்ணனையாளரின் குரலுக்கு மேல் ஸ்ரீஜேஷின் குரல் கேட்டது: யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று நிற்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். பத்துப் பேரோடு நாற்பது நிமிடம் தடுத்த அதே தடுப்பு வரிசை, இன்று பதினொரு பேரோடு ஐந்து நிமிடம் தடுக்க முடியாமல் திணறுகிறது. பெரும்பாலும் அதே ஆட்கள்.

பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனை நான் மதிக்கிறேன். பாரிஸ் வெண்கலத்தில் அவர் பங்கு பெரியது. 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை வென்றது அவர் காலத்தில்தான். தடுத்து வெல்வதே தன் வழி என்று பொறுப்பேற்றபோதே சொன்னவர் அவர். டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜிய அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்து கற்றுக்கொண்ட பாடம் அது. நேற்று அந்தப் பெல்ஜியமே ஆறு கோல் போட்டது. தடுத்து வெல்லும் வழியில் போகிற அணிக்கு இரண்டு பொருட்கள் கட்டாயம் வேண்டும்: அசையாத கோல்கீப்பர், பந்தைப் பிடித்து வைக்கத் தெரிந்த நடுக்களம். ஒன்று ஓய்வு பெற்றுவிட்டது; மற்றொன்று ஹர்திக்கின் மூச்சை நம்பியிருக்கிறது. வழி சரியாக இருக்கலாம், அதில் நடக்கக் கால் வேண்டாமா?

கோல் போடும் பக்கமும் முழுச் சுத்தம் என்று சொல்லமாட்டேன். பாரிஸின் 15 கோல்களில் பத்து ஹர்மன்பிரீத் சிங்குடையவை. ஒரே ஆள்மீது அவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறோம். இந்தப் பயணத்தில் அவர் அடிபட்டு ஆட முடியாமல் போனபோது கார்னர்களின் முகமே மாறிவிட்டதைப் பார்த்தோம். அவர் இடத்தில் ஜுக்ராஜ் சிங் முயல்கிறார், ஆனால் ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு கார்னர்கள் கூடுதலாக உள்ளே போயிருந்தால் அந்த ஆறு ஒரு கோல் தோல்விகளில் மூன்று ஆட்டங்களாவது கைக்கு வந்திருக்கும்.

களைப்பு என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஆட்டம், இரண்டு நாடுகளுக்கு இடையே பயணம், எதிரணிகளுக்குப் பழகிய காற்றும் தரையும். உண்மைதான். ஆனால் அர்ஜென்டினாவும் ஆஸ்திரேலியாவும் நம்மைவிட அதிகத் தூரம் பறந்து வந்தவை.

ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டெல்வீனில்தான் முதல் நான்கு தோல்விகளும் நடந்தன. 1928-இல் இந்தியா தன் முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தை வென்ற ஊர் ஆம்ஸ்டர்டாம். அன்று ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் போட்டு, ஒரு கோல்கூட வாங்காமல் திரும்பினார்கள். தியான்சந்தின் கோல்களை எல்லோரும் பாடுகிறார்கள். கோலில் நின்ற ரிச்சர்ட் ஆலனை நினைப்பவர்கள் குறைவு. அதே ஊரின் ஓரத்தில் இந்த முறை நான்கு ஆட்டங்களில் 11 கோல்கள் வாங்கியிருக்கிறோம். தரை மாறிவிட்டது, ஆட்டம் மாறிவிட்டது என்று எனக்கும் தெரியும். 1976 மான்ட்ரியலில் செயற்கைத் தரை வந்ததும் ஏழாவது இடத்துக்கு விழுந்த கதையும் தெரியும். ஆனால் இன்றைய வீரர்கள் செயற்கைத் தரையிலேயே வளர்ந்தவர்கள். அந்தச் சமாதானம் என் தலைமுறைக்குச் செல்லும், இவர்களுக்குச் செல்லாது.

புரோ லீக் தோல்விகளால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: ஒன்பது அணிகள், ஒவ்வொன்றுக்கும் 16 ஆட்டங்கள். முதலிடம் பிடிக்கும் அணிக்கு 2026 உலகக் கோப்பைக்கு நேரடி இடம்; கடைசி அணி கீழ்நிலைத் தொடருக்கு இறக்கப்படும். பிப்ரவரியில் புவனேஸ்வரில் ஆடிய எட்டு ஆட்டங்களில் ஐந்தை வென்று 15 புள்ளிகள் சேர்த்து வைத்திருந்தோம். உலகச் சாம்பியன் ஜெர்மனியைக்கூட அங்கே ஒருமுறை வென்றோம். அந்தச் சேமிப்புதான் இன்று நம்மைக் கடைசி இடத்துக்குப் போகாமல் காக்கிறது. உலகக் கோப்பைக்கு நேரே போகும் வாய்ப்பு இந்த வழியில் போய்விட்டது. இனி நேரே போக வேண்டுமானால், 2025 ஆகஸ்ட் இறுதியில் பீகாரின் ராஜ்கீரில் தொடங்கும் ஆசியக் கோப்பையை வென்றாக வேண்டும். அங்கே மலேசியாவும் தென் கொரியாவும் காத்திருக்கும். கடைசி ஐந்து நிமிடங்களில் நாம் எப்படி ஆடுகிறோம் என்பதை அவர்களும் இந்த இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கோவில்பட்டி எங்களுக்குத் தொலைவில் இல்லை. அந்த ஊர் மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை அணிந்தபோது, ஹாக்கி மட்டை பிடித்தால் எங்கே போகலாம் என்று இங்குள்ள பெற்றோர்களிடம் காட்டுவதற்கு எங்களுக்கு இரண்டு பெயர்கள் கிடைத்தன. வரும் 2025 நவம்பர் இறுதியில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடக்கப்போகிறது. முதன்முறையாக 24 அணிகள். ராமநாதபுரத்திலிருந்து மதுரை ரயிலேறினால் மதியத்துக்குள் போய்விடலாம். அதில் ஆடும் இந்திய இளைய அணிக்குப் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். எங்கள் ஊர் மாணவர்களை அழைத்துப் போக வேண்டும் என்று இப்போதே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, பெரிய அணி ஏன் இப்படித் தோற்றது என்பதாகத்தான் இருக்கும்.

இன்று, ஜூன் 22, மறுபடி அதே ஆண்ட்வெர்ப், அதே பெல்ஜியம், பயணத்தின் கடைசி ஆட்டம். தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கிவிட்டதால் டீக்கடைக் கூட்டம் பாதியாகிவிட்டது; இருக்கிறவர்களோடு சேர்ந்து நான் பார்ப்பேன். கோல் எண்ணிக்கையைவிட 50-ஆவது நிமிடத்துக்குப் பிறகு பந்து யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் கவனிக்கப்போகிறேன். ஹர்திக்கைக் கடைசி எட்டு நிமிடங்களுக்கு உள்ளே வைத்திருக்கும்படி மாற்றங்களைத் திட்டமிடுங்கள். முன்னிலையில் இருந்தால் இரண்டு பேரையாவது எதிரணி எல்லையில் நிறுத்துங்கள், தூக்கி அடிக்கும் பந்துக்கு ஆள் வேண்டும். பாதக்கோ கர்கேராவோ, யாராவது ஒருவரை முதல் கோல்கீப்பர் என்று இப்போதே அறிவித்து, ராஜ்கீர் வரை எல்லாக் கார்னர் பயிற்சியிலும் ரோஹிதாஸுக்குப் பின்னால் அவரையே நிறுத்துங்கள். அதற்கு இரண்டு மாதம் இருக்கிறது.